முகத்துக்காகப் போட்ட கையெழுத்து: சேலத்தில் இரண்டு நாள் ஆராய்ச்சி நெறிப் பயிற்சி

மலைமேல் எங்கள் ஊருக்கு ஆராய்ச்சி என்று யார் வந்தாலும் முதலில் விசாரிப்பது என் வீட்டைத்தான். 11 வருடமாக அப்படித்தான். ஏற்காட்டிலிருந்து உள்ளே போகிற ரோட்டில், காபித் தோட்டமும் சில்வர் ஓக் மரங்களும் தாண்டி இருக்கிற சின்ன ஊர். ஊர்ப்பேர் எழுதவில்லை. எழுதினால் இதில் வருகிற ஆட்கள் யார் யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அப்படி எழுதக்கூடாது என்பதும் இந்தப் பயிற்சியில் கற்றதுதான்.

என் வேலை இதுதான். எந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாள், எந்த வீட்டில் வயசானவர் தனியாக இருக்கிறார் என்று காட்டுவது. எடை மெஷினையும் பிரஷர் மெஷினையும் தூக்கிக்கொண்டு கூடவே போவது. வந்தவர்கள் சொல்வதை ஊருக்குப் புரிகிற மாதிரி சொல்லி, படிவத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கித் தருவது. நாங்கள் மலையாளிகள். கேரளாக்காரர்கள் இல்லை, சேர்வராயன் மலைப் பழங்குடிகள். எங்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கு ஒரு நாளும் குறைவிருந்ததில்லை. ரத்தசோகை, சர்க்கரை, பிரசவம், சாப்பாடு, மூலிகை, ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஆய்வில் சேர்ந்தபோது, நெறிமுறைப் பயிற்சி முடித்த சான்றிதழ் வேண்டும் என்றார்கள். லேப்டாப்பில் ஒரு இணையப் பயிற்சியைத் திறந்து வைத்தார்கள். முழுக்க ஆங்கிலம். பக்கத்தில் உட்கார்ந்த தம்பி, “அக்கா, இதுக்கு ரெண்டாவது பதில், இதுக்கு நாலாவது” என்று சொல்லச் சொல்ல நான் அழுத்தினேன். முக்கால் மணி நேரத்தில் என் பெயர் போட்ட சான்றிதழ் வந்துவிட்டது. அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டுதான் அந்த வருடம் நாற்பது வீட்டுக்கு மேல் ஏறி இறங்கினேன்.

அதனால்தான் சேலத்தில் தமிழிலேயே இரண்டு நாள் பயிற்சி, ஆராய்ச்சிக்கு உதவுகிற ஊர்க்காரர்களுக்கு மட்டும் என்று தகவல் வந்ததும் பெயர் கொடுத்தேன். நடத்தியவர்கள் யார் என்று இங்கே எழுதவில்லை. குறையும் சொல்லப்போகிறேன், அவர்களிடம் நேரிலும் சொல்லிவிட்டேன். இப்படிப்பட்ட பயிற்சிக்கு உங்களையும் யாராவது கூப்பிட்டால் போகலாமா, போனால் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று தெரிய வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவும்.

ஹஸ்தம்பட்டி பக்கம் ஒரு கல்லூரியின் இரண்டாவது மாடி. கட்டணம் இல்லை. மார்கழிச் சனிக்கிழமை, முதல் பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவும் பனியில் இறங்கி, அடிவாரம் வந்தபோது காது அடைத்திருந்தது. 26 பேர் வந்திருந்தோம். கல்வராயன் மலையிலிருந்து நாலு பேர், அம்மாப்பேட்டைத் தறிக்கார வீடுகளிலிருந்து அக்காமார்கள், செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிற ஒரு தம்பி, இரண்டு அங்கன்வாடி டீச்சர், ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர். சொல்லிக்கொடுத்தவர்கள் மூன்று பேர்: ஒரு சமூகவியல் பேராசிரியை, ஒரு டாக்டர், ஒரு வக்கீல்.

பேராசிரியை ஆரம்பித்த விதத்திலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. விதிமுறை, சட்டம் என்று தொடங்கவில்லை. ஒரு நர்சம்மாவின் கதையைச் சொன்னார். அமெரிக்காவில் அலபாமா மாநிலம், டஸ்கீகி என்ற ஊர். 1932-ல் அந்த நாட்டு அரசின் பொதுச் சுகாதாரத் துறையே ஒரு ஆய்வைத் தொடங்குகிறது. சுமார் 600 கறுப்பின ஆண்கள், பெரும்பாலும் ஏழை விவசாயிகள். அவர்களில் 399 பேருக்கு சிபிலிஸ் என்ற பால்வினை நோய். அவர்களிடம் நோயின் பெயரைச் சொல்லவில்லை, “கெட்ட ரத்தம்” என்று மட்டும் சொன்னார்கள். சிகிச்சை தருவதாக நம்பவைத்து, நோய் முற்றினால் உடம்பு என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்ததற்குக்கூட “இலவச விசேஷ சிகிச்சை” என்றுதான் கடிதம் போயிற்று. 1947 வாக்கில் பென்சிலின் அந்த நோய்க்கு வழக்கமான மருந்தாகிவிட்டது. அப்போதும் கொடுக்கவில்லை. 1972-ல் பத்திரிகையில் வந்த பிறகுதான் நிறுத்தினார்கள். 40 வருடம். 1997-ல் அதிபர் கிளிண்டன் மன்னிப்புக் கேட்டார்.

இதுவரை கேட்டபோது, எங்கேயோ யாரோ செய்த அநியாயம் என்றுதான் எனக்குத் தோன்றியது. அப்புறம் பேராசிரியை கேட்டார்: “டாக்டருங்க மாறிக்கிட்டே இருந்தாங்க. 40 வருஷமும் அந்த ஆளுங்களைத் திரும்பத் திரும்பக் கூட்டிக்கிட்டு வந்தது யாரு?” யூனிஸ் ரிவர்ஸ் என்ற நர்ஸ். அவரும் கறுப்பினப் பெண், அவர்களுக்குத் தெரிந்தவர். தன் காரில் ஏற்றிக்கொண்டு போவார், வீட்டில் யாருக்கு என்ன உடம்புக்கு என்று விசாரிப்பார், இறந்தவர்களின் குடும்பத்திடம் பேசி உடலைப் பரிசோதிக்கச் சம்மதம் வாங்குவார். அடக்கச் செலவுக்குப் பணம் கிடைக்கும். அந்த ஏழைகளுக்கு அது பெரிய விஷயம். அந்த ஆண்களுக்கு அவர்மேல் உண்மையான பிரியம் இருந்தது, அவருக்கும் அவர்கள்மேல் இருந்தது.

அறை அமைதியாகிவிட்டது. நான் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நர்சம்மா செய்த வேலைக்கும் நான் செய்கிற வேலைக்கும் என்ன வித்தியாசம்? வண்டி இல்லை, நான் நடந்து கூட்டிக்கொண்டு போகிறேன். அவ்வளவுதானே. ஓய்வுபெற்ற செவிலியர் அம்மா எழுந்து, “அவங்க கெட்டவங்க இல்லம்மா, டாக்டர் சொன்னா நாங்களும் கேள்வி கேட்க மாட்டோம்” என்றார். ஒருவர் மறுத்தார், ஒருவர் ஆமோதித்தார். ஒரு மணி நேரம் இதிலேயே போயிற்று. அட்டவணையில் அதற்கு 20 நிமிடம்தான் போட்டிருந்தார்கள். பேராசிரியை நிறுத்தச் சொல்லவில்லை. அதற்காகவே அவருக்கு என் நன்றி.

அடுத்து நடந்ததுதான் இந்த இரண்டு நாளில் எனக்குக் கிடைத்த பெரிய பொருள். சம்மதம் கேட்கும்போது பயமுறுத்தக்கூடாது, ஆசை காட்டக்கூடாது, இன்னொன்றும் கூடாது என்று டாக்டர் விளக்கிக்கொண்டிருந்தார். அந்த மூன்றாவதுக்குக் கையேட்டில் “முறையற்ற செல்வாக்கு” என்று போட்டிருந்தது. யாருக்கும் புரியவில்லை. செல்வாக்கு என்றால் எம்.எல்.ஏ.வா என்று ஒரு அக்கா கேட்டார். டாக்டர் வேறு வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தார். கடைசி வரிசையில் இருந்த கல்வராயன் மலைப் பாட்டி ஒருவர், “அதானுங்க, தாட்சண்யம்” என்றார்.

அவ்வளவுதான். 26 பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்துவிட்டது. யாரும் மிரட்டவில்லை, காசும் கொடுக்கவில்லை, ஆனால் வந்து நிற்கிறவளின் முகத்தைப் பார்த்துவிட்டு முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. “நீ வந்து கேட்கிறே, எப்படிடி வேண்டாம்னு சொல்றது, எங்க போடணும் காட்டு” என்று எத்தனை பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்! அதை நான் என் பெருமையாக நினைத்திருந்தேன். இந்த ஊரில் என் பேச்சுக்கு மரியாதை இருக்கிறது என்று. அவர்கள் ஆராய்ச்சிக்குச் சம்மதிக்கவில்லை, என் முகத்துக்குச் சம்மதித்தார்கள். ஆராய்ச்சிக்காரர்கள் என்னைக் கூட அழைத்துப்போவதே அதற்குத்தான் என்று யோசித்தபோது வயிற்றைப் பிசைந்தது.

டாக்டர் கரும்பலகையில் முறையற்ற செல்வாக்கை அழித்துவிட்டு தாட்சண்யம் என்று எழுதினார். அடுத்த பதிப்பில் கையேட்டிலும் மாற்றுவதாகச் சொன்னார். மாற்ற வேண்டும்.

மதியம் நடிப்புப் பயிற்சி. எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும் பொட்டலமாகத் தந்தார்கள், நன்றாகவே இருந்தது. மூன்று மூன்று பேராகப் பிரிந்து, ஒருவர் கேட்பவர், ஒருவர் சம்மதம் தருபவர், ஒருவர் பார்ப்பவர். என் முறை வந்தபோது வழக்கம்போல் சரளமாகப் பேசினேன். “ஒண்ணுமில்லம்மா, கேம்ப் வந்திருக்காங்க, கொஞ்சூண்டு ரத்தம் எடுப்பாங்க, நல்லதுதான்.” முடித்ததும் பார்வையாளராக இருந்த அங்கன்வாடி டீச்சர் நான்கு தப்பு எடுத்துக்கொடுத்தார். ஒண்ணுமில்லை என்றது தப்பு. கேம்ப் என்றது அதைவிடப் பெரிய தப்பு.

இந்தக் கேம்ப் விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கம் வெளியிலிருந்து மருந்துப் பெட்டியோடு யார் வந்தாலும் கேம்ப்தான். கண் கேம்ப், பல் கேம்ப். கேம்ப் என்றால் நமக்கு வைத்தியம் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று பொருள். ஆராய்ச்சி அப்படியில்லை. அவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வந்திருக்கிறார்கள், அதனால் நமக்கு நேராக ஒன்றும் கிடைக்காமலும் போகலாம். சில ஆய்வுகளில் சீட்டுக் குலுக்கிப் போட்டு பாதிப் பேருக்குப் புது மருந்து, மீதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரை என்றுகூடப் பிரிப்பார்கள். டாக்டர் உண்மையிலேயே ஒரு டப்பாவில் சீட்டு மடித்துப் போட்டு எங்களை எடுக்கவைத்தார். “உங்க சீட்டை யார் தீர்மானிச்சா? நானா? உங்க நோயா?” யாருமில்லை, டப்பாதான். இதைக் கேம்ப் என்ற ஒரே சொல்லில் நான் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். பொய் சொல்லும் எண்ணமில்லை. ஆனாலும் கேட்டவர்களுக்கு அது பொய்யாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

விளக்கி முடித்ததும் “புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள் என்றார்கள். யாரும் புரியவில்லை என்று சொல்ல மாட்டார்கள். “வீட்டுக்காரர் வந்து எதுக்கு வந்தாங்கன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?” என்று கேட்டு, அவர்கள் வாயால் சொல்லவைக்க வேண்டும். இது எளிதான வழி, செலவில்லாத வழி. அடுத்த நாளே என் மாமியாரிடம் சோதித்துப் பார்த்தேன், வேலை செய்கிறது.

சாட்சிக் கையெழுத்து பற்றிய பாடம் என்னைக் குத்தியது. எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால், படிக்கத் தெரிந்த வேறு ஒருவர் விளக்கம் முழுவதையும் கூட இருந்து கேட்டுவிட்டுச் சாட்சி போட வேண்டும். அவர் ஆய்வுக் குழுவைச் சேர்ந்தவராக இருக்கக்கூடாது. எத்தனை படிவத்தில் நானே விளக்கி, நானே கைநாட்டு வாங்கி, நானே சாட்சியும் போட்டிருக்கிறேன் என்று எண்ணிப்பார்க்கவே முடியவில்லை. யாரும் தடுத்ததில்லை, “சாட்சி இடத்துல நீங்களே போட்டுடுங்க” என்று சொல்லித்தான் பேனாவைக் கொடுத்தார்கள். படிவத்தில் ஒரு நகல் சம்மதித்தவர் கையில் இருக்க வேண்டும் என்பதும் எனக்குப் புதுச் செய்தி. எங்கள் ஊரில் ஒரு வீட்டிலும் அப்படி ஒரு தாள் கிடையாது.

ஊர்க்கவுண்டர் சரி என்றால் ஊரே சரி என்று அர்த்தமில்லை என்று சொன்னபோது பலருக்கு அதிர்ச்சி. ஊருக்குள் நுழைய அவரிடம் கேட்பது மரியாதை, கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஒவ்வொருவர் சம்மதமும் அவரவருடையது. மனைவியின் சம்மதத்தைக் கணவன் சொல்ல முடியாது. செவ்வாய்ப்பேட்டைத் தம்பி இங்கேதான் ஒரு கேள்வி போட்டான்: “பட்டறை ஓனர் எல்லாரையும் வரிசையில நிக்கவச்சு ரத்தம் குடுங்கடான்னா நான் மாட்டேன்னு சொல்ல முடியுமா சார்?” எஸ்டேட்டில் மேஸ்திரி நிறுத்துகிற வரிசை எனக்கு ஞாபகம் வந்தது. முதலாளி இல்லாத இடத்தில், வேலை நேரத்துக்கு வெளியே கேட்க வேண்டும், யார் சேர்ந்தார் யார் சேரவில்லை என்று முதலாளிக்குத் தெரியக்கூடாது என்று டாக்டர் சொன்னார். தம்பி திருப்தியடையவில்லை. எனக்கும் அந்தப் பதில் போதவில்லை. கல்லூரி அறையில் உட்கார்ந்து சொல்வதற்கும் பட்டறைக்குள் நின்று செய்வதற்கும் நிறைய தூரம்.

குழந்தைகள் விஷயத்தில் கம்மம் மாவட்டத்துக் கதையைச் சொன்னார்கள். 2009-ல், அன்றைய ஆந்திரத்தில், கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியை ஆயிரக்கணக்கான பள்ளிச் சிறுமிகளுக்குப் போட்டு ஒரு ஆய்வு. நிறையப் பேர் பழங்குடிப் பிள்ளைகள், விடுதியில் தங்கிப் படித்தவர்கள். பெற்றோர் போட வேண்டிய கையெழுத்தை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படிவங்களில் விடுதிக் காப்பாளர்களே போட்டிருந்தார்கள். சில பிள்ளைகள் இறந்ததும் 2010-ல் நிறுத்தப்பட்டது. இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணமாகத் தெரியவில்லை என்றுதான் விசாரணையில் வந்தது. ஆனால் சம்மதம் வாங்கிய முறையை நாடாளுமன்ற நிலைக்குழு 2013-ல் கடுமையாகக் கண்டித்தது. டாக்டர் இதை மிகக் கவனமாகச் சொன்னார். அந்தத் தடுப்பூசி நல்லது, தன் மகளுக்கும் போட்டிருப்பதாகச் சொன்னார். ஊசி நல்லதாக இருப்பது கையெழுத்தைச் சரியாக்கிவிடாது. என் பெரியவள் மலையில் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்தவள். அவள் சார்பில் அங்கே யார் யார் எதில் கையெழுத்துப் போட்டார்களோ, நான் ஒரு நாளும் கேட்டதில்லை. 7 வயதிலிருந்து பிள்ளையிடமும் வாய்ச் சம்மதம் கேட்க வேண்டும், 12 வயதுக்கு மேல் அதை எழுத்தில் வாங்க வேண்டும், பெற்றோர் சம்மதம் தனி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-ல் வெளியிட்ட வழிகாட்டியில் இது இருக்கிறது.

இரண்டாம் நாள் காலை, ரத்தம். அமெரிக்காவில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் ஹவாசுபாய் என்று ஒரு பழங்குடி. அவர்களிடையே சர்க்கரை நோய் அதிகம். 1990-களில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்களுக்கு ரத்தம் கொடுத்தார்கள், சர்க்கரைக்கு வழி கிடைக்கும் என்று நம்பி. அதே ரத்தத்தை வைத்து மனநோய் பற்றியும், இவர்களின் மூதாதையர் எங்கிருந்து வந்தார்கள் என்பது பற்றியும் ஆராய்ந்திருந்தது பின்னால் தெரிந்தது. இந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் நாங்கள் என்பது அவர்களின் நம்பிக்கை. இல்லை, ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்று அவர்கள் ரத்தத்தை வைத்தே ஆராய்ச்சிக்காரர்கள் எழுதினார்கள். ஹவாசுபாய் மக்கள் வழக்குப் போட்டார்கள். 2010-ல் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் கொடுத்து, மீதியிருந்த ரத்தத்தையும் திருப்பிக் கொடுத்தது.

எங்களுக்கும் ஒரு கதை உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் வந்து, மலைக்கு ஒருவராகப் பிரிந்தார்கள், அவர்கள் வழி வந்தவர்கள் நாம் என்று என் தாத்தா சொல்வார். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு நடக்கும்போது அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டே நடந்திருக்கிறேன். இந்தப் 11 வருடத்தில் நான் கூட்டிக்கொண்டு போய்க் கொடுக்கவைத்த ரத்தம் எத்தனை குழாய்! அது இப்போது எந்த ஊரில், எந்தக் குளிர்பெட்டியில் இருக்கிறது? எதற்குப் பயன்படுகிறது? எழுந்து கேட்டேன். பேராசிரியை சுற்றி வளைக்கவில்லை: “அந்தப் படிவத்துல எழுதியிருக்கணும். எவ்வளவு நாள் வைப்பாங்க, வேற ஆய்வுக்குக் குடுப்பாங்களான்னு. உங்ககிட்ட நகல் இருக்கா?” நகல் இல்லை என்று முன்பே சொன்னேனே.

தென்னாப்பிரிக்காவில் சான் என்ற பழங்குடி மக்கள் 2017-ல் தங்களுக்கென்றே ஒரு நெறிமுறையை எழுதி, எங்களிடம் ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் இதன்படி நடக்க வேண்டும் என்று அறிவித்ததையும் சொன்னார்கள். மரியாதை, நேர்மை, நியாயம், அக்கறை, இவ்வளவுதான் அதன் சாரம். பெரிய பல்கலைக்கழகம் எழுதிக் கொடுக்கவில்லை, வேட்டையாடியவர்களின் பேரப்பிள்ளைகள் எழுதினார்கள். அதைக் கேட்டதும் நானும் கல்வராயன் பாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ரகசியம் காப்பது பற்றிய பாடத்தில் நான் பேசவில்லை. பேச முடியவில்லை. ஆறு வருடத்துக்கு முன் ஒரு ரத்தசோகை ஆய்வு. விரல் நுனியில் குத்தி ஒரு துளியைச் சின்ன மெஷினில் வைத்தால் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று உடனே எண் வந்துவிடும். அங்கன்வாடித் திண்ணையில் பத்துப் பதினைந்து பெண்கள் உட்கார்ந்திருக்க, ஒருவர் எண்ணைப் பார்க்க, நான் எழுத, சத்தமாகச் சொல்லிச் சொல்லி எழுதினோம். ஒரு பெண் பிள்ளைக்கு 6.8. “ஐயோ, ஆறு புள்ளி எட்டுத்தானா!” என்று அக்கறையில் வாய்விட்டுச் சொன்னது நான். சாயங்காலம் டீக்கடையில் அது வந்துவிட்டது. ரத்தமே இல்லாத பொண்ணு என்று பேச்சு. பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டார் அந்த மாதமே பின்வாங்கினார்கள். அவளுக்கு மாத்திரை கொடுத்து, உடம்பு தேறி, இப்போது வேறு இடத்தில் கல்யாணமாகி நன்றாக இருக்கிறாள். என்னிடம் அவள் இன்றுவரை பேசுவதில்லை. பேச வேண்டும் என்றும் நான் கேட்க முடியாது. பெயருக்குப் பதில் எண், எண்ணும் பெயரும் சேர்ந்த பட்டியல் தனிப் பூட்டில், முடிவைத் தனியாகக் கூப்பிட்டு மெல்லச் சொல்வது, படிவத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடாதது. இவற்றில் எதற்கும் படிப்புத் தேவையில்லை. யாராவது அரை மணி நேரம் முன்னாலேயே சொல்லித் தந்திருந்தால் போதும்.

இனி குறைகள்.

கையேட்டின் தமிழ். 48 பக்கம், நல்ல தாள், படங்கள்கூட இருக்கின்றன. ஆனால் “தன்னாட்சி”, “நன்மை பயத்தல்”, “தகவலறிந்த ஒப்புதல்” என்று வரிக்கு வரி இடறுகிறது. தெரிந்துகொண்டு சம்மதிப்பது என்று போட்டால் குறைந்தா போய்விடும்? வாயால் அவ்வளவு அழகாகச் சொல்லிக்கொடுத்தவர்கள் எழுத உட்கார்ந்ததும் வேறு ஆளாகிவிட்டார்கள். சான்றிதழ் மறுபடியும் ஆங்கிலத்தில். தமிழில் கேட்டோம், பார்க்கலாம் என்றிருக்கிறார்கள்.

காலம். மார்கழி எங்களுக்குக் காபிப் பழம் பறிக்கிற நேரம். இரண்டு நாள் கூலி போகும். பஸ் செலவும் தினம் 400 ரூபாயும் தந்தார்கள், அது சரி, ஆனால் இந்த மாதத்தில் வைத்ததால் எங்கள் பக்கத்தில் வரவேண்டிய மூன்று பேர் வரவில்லை. ஆனி ஆடியில் வைக்கலாம். இரண்டாவது மாடிக்கு லிஃப்ட் இல்லை. கல்வராயன் பாட்டி முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

வக்கீலின் பகுதி ஞாயிறு மாலை, எல்லோரும் பஸ் நேரத்தைப் பார்க்கிற வேளையில். ஒரு ஆராய்ச்சியை நடத்தலாமா என்று பார்த்து அனுமதி தருகிற நெறிமுறைக் குழுவில் 7 முதல் 15 பேர் இருப்பார்கள், தலைவர் அந்த நிறுவனத்துக்கு வெளியிலிருந்துதான் வர வேண்டும், மருத்துவம் படிக்காத பொதுஜனம் ஒருவரும் கட்டாயம் இருக்க வேண்டும் என்றார். “அந்தப் பொதுஜனமா எங்களை மாதிரி ஆளு உட்காரலாமா?” என்று அம்மாப்பேட்டை அக்கா கேட்டார். உட்காரலாம் என்றார். அதை எப்படி, யாரிடம் கேட்பது என்று அடுத்த கேள்வி வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. முதல் நாள் காலையில் வர வேண்டிய பாடம் அது.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, எங்கள் கூலியைப் பற்றி யாரும் வாய் திறக்காதது. பல ஆய்வுகளில் எங்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்றுதான் காசு. ஒரு படிவம் நிரம்பினால் 50 ரூபாய். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அன்றைக்கு எனக்கு 50 ரூபாய் நட்டம். இப்படி வைத்துவிட்டு, அவர்கள் வேண்டாம் என்று சொல்ல இடம் கொடுங்கள் என்று எனக்கு இரண்டு நாள் பாடம் எடுத்தால் என்ன பயன்? மரத்தடியில் உட்கார்ந்து வராத ஆளின் பெயரில் படிவம் நிரப்புகிறவர்களைக் கண்டித்தார்கள். கண்டிக்க வேண்டியதுதான். ஆனால் அந்த மரத்தடிக்கு அவர்களை அனுப்புவது தலைக்கு ஐம்பது என்கிற கணக்கு. நாள் கூலி கொடுங்கள், சம்மதித்தாலும் மறுத்தாலும் ஒரே கூலி. இதை நான் எழுந்து சொன்னபோது கைதட்டினார்கள், டாக்டர் குறித்துக்கொண்டார். இந்தப் பயிற்சிக்கு நாங்கள் வந்தது போதாது, எங்களை வேலைக்கு வைக்கிறவர்களும் வந்து ஒரு நாள் உட்கார வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுப்பேன். இதற்கு முன் வந்ததெல்லாம் படித்தவர்களுக்கு எழுதியதை எங்கள் தலையில் கட்டியது. சிகாகோவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இப்படி ஊர்க்காரர்களுக்கென்றே தனிப் பாடத்திட்டம் செய்திருக்கிறார்கள், அதைப் பார்த்துத்தான் இதற்கு யோசனை வந்தது என்று பேராசிரியை சொன்னார். யோசனை அங்கிருந்து வந்தாலும், தாட்சண்யம் என்ற சொல் கல்வராயன் மலையிலிருந்துதான் வந்தது. போகிறவர்கள் படிக்கிற கண்ணாடியை எடுத்துக்கொண்டு போங்கள், எழுத்து சின்னது. உங்களிடம் ஏதாவது பழைய படிவம் இருந்தால் அதையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

ஞாயிறு சாயங்காலம் கிளம்பும்போது பேராசிரியை ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். சம்மதப் படிவத்தின் அடியில் ஒரு போன் நம்பர் இருக்கும், நெறிமுறைக் குழுவுடையது. சந்தேகமோ புகாரோ இருந்தால் கூப்பிடுங்கள் என்று நாம் ஊருக்குச் சொல்கிறோம். “நீங்க ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்க, யாராவது எடுக்கிறாங்களான்னு.”

வீட்டில் பீரோவுக்குள் தேடியதில் இரண்டு ஆய்வுகளின் வெற்றுப் படிவம் கிடைத்தது. முதல் நம்பர் உபயோகத்தில் இல்லை. இரண்டாவது இரண்டு நாள் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் ஒரு அம்மா எடுத்தார். நான் யார், எந்த ஆய்வு என்று சொன்னதும், “இந்த நம்பருக்கு இதுவரைக்கும் யாரும் கூப்பிட்டதே இல்லைங்களே” என்றார். குரலில் எரிச்சல் இல்லை, ஆச்சரியம்தான். எங்கள் ஊரில் எடுத்த ரத்தம் இப்போது எங்கே இருக்கிறது, எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். ஆய்வு எண்ணைப் படிக்கச் சொன்னார், படித்தேன். எழுதிக்கொண்டு, வியாழக்கிழமை பதினொரு மணிக்கு மேல் கூப்பிடுங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்றார். அந்த நம்பரைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறேன். இன்று செவ்வாய்.